பஞ்சுத் தூசி, மஞ்சள், கண்வலிக்கிழங்கு: செல்கள் அழற்சியை மூட்டுவதும் அணைப்பதும்

கோவையிலோ ஈரோட்டிலோ காய்ச்சல் என்று ரத்தம் கொடுத்தால், ரிப்போர்ட்டில் 'சிஆர்பி' என்ற ஒரு புரதத்தின் அளவு ஒரு வரியாக வருகிறது. எண் கூடியிருந்தால் "அழற்சி இருக்குதுங்க" என்கிறார்கள். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் அழற்சிக்கு மஞ்சள் கேப்சூல், அழற்சிக்குச் சாறு, அழற்சிக்கு விரதம். கொரோனா வந்தபோது 'சைட்டோகைன் புயல்' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. மொத்தத்தில் அழற்சி என்பது உடம்பில் தேங்கிய கசடு, கழுவிவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம் நன்றாக ஊன்றிவிட்டது.

அந்தக் கணக்கு தப்பு. அழற்சி என்பது நோய் எதிர்ப்பு செல்கள் நிலைமையைப் பார்த்து எடுக்கும் நடவடிக்கை. அதை எடுக்க ஒரு பாதை இருக்கிறது. எடுத்ததைத் திரும்பப் பெறவும் அதே பாதையில் ஏற்பாடு இருக்கிறது. நோயாக மாறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது ஏற்பாடு தோற்கும்போதுதான்.

இதை விளக்கக் கொங்கு நாட்டில் மூன்று பொருட்கள் கைவசம் உள்ளன. ஒன்று மில்லில் பறக்கும் பஞ்சுத் தூசி. அது பாதையைத் திறக்கிறது. இன்னொன்று ஈரோட்டு மஞ்சள். அது பாதையை அடைப்பதாகச் சொல்லப்படுகிறது. மூன்றாவது மூலனூர், தாராபுரம் பக்கம் விளையும் கண்வலிக்கிழங்கு. அது நிஜமாகவே அடைக்கிறது.

முதலில் சில சொற்கள்

காலில் வேலமுள் குத்துகிறது. சாயங்காலத்துக்குள் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியரான செல்சஸ் எழுதி வைத்துவிட்டார். அவர் அறியாதது, இந்த நான்கையும் செய்வது முள் அல்ல, நம் செல்கள்தான் என்பது. ரத்தக் குழாய் விரிவதால் சிவப்பும் சூடும். குழாயின் சுவர் கசிவதால் வீக்கம். கசிவின் வழியே நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் இறங்கி வந்து கிருமிகளைத் தாக்குகின்றன.

இதற்கெல்லாம் உத்தரவு போடுவது பெரும்பாலும் மேக்ரோபேஜ் என்ற செல். தோலுக்கடியில், நுரையீரலில், கல்லீரலில் என எங்கும் காவல் உட்கார்ந்திருக்கும் செல் இது. இதன் உத்தரவுகள் சின்னச் சின்னப் புரதங்களாக வெளியே போகின்றன; அவற்றுக்குப் பெயர் சைட்டோகைன். டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகியவை முக்கியமானவை.

செல்லின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று வந்து ஒட்டியதிலிருந்து, உட்கருவில் மரபணு விழித்துக்கொள்வது வரை தகவல் கைமாறிப் போகும் வழிக்குச் சமிக்ஞைப் பாதை என்று பெயர்.

மில் தூசியிலிருந்து உட்கரு வரை

கோவையில் முதல் நூற்பாலை 1888-இல் வந்தது. அன்று முதல் இன்று வரை மில்லில் தூசி அதிகம் கிளம்பும் இடங்கள் மாறவில்லை: பேலைப் பிரித்து அடிக்கும் ப்ளோ ரூம், அப்புறம் பஞ்சைச் சீவும் கார்டிங். அங்கே பறப்பது வெறும் பஞ்சு இழை என்று நினைப்போம். இலைத் துணுக்கு, மண், அவற்றோடு பருத்திச் செடியில் குடியிருந்த பாக்டீரியாக்களின் உடைந்த மேலுறையும் கலந்தே பறக்கின்றன. கிராம்-நெகடிவ் என்ற வகை பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள அந்தப் பொருளுக்கு எண்டோடாக்சின் என்று பெயர். பாக்டீரியா செத்தாலும் அது சாவதில்லை.

அது மூச்சோடு உள்ளே போய் நுரையீரலின் காற்றுப் பையில் உட்கார்ந்திருக்கும் மேக்ரோபேஜைத் தொடும்போது நடப்பது இது:

1. எல்பிபி என்ற புரதம் எண்டோடாக்சினைப் பிடித்து, சிடி14 என்ற இன்னொரு புரதத்திடம் கொடுக்கிறது. அது செல்லின் மேற்பரப்பில் தகவலைப் பிடிக்க நிற்கும் டிஎல்ஆர்4 ('டோல் போன்ற ஏற்பி 4') என்ற ஏற்பியிடம் ஒப்படைக்கிறது. (எல்பிபி என்றால் நம் பக்கத்து ஆட்களுக்குக் கீழ்பவானி வாய்க்கால்தான் ஞாபகம் வரும். இதுவும் கொண்டு சேர்க்கிற வேலைதான்.)

2. ஏற்பியின் வால் செல்லுக்குள் நீண்டிருக்கிறது. வெளியே பிடி கிடைத்ததும் உள்ளே அந்த வாலில் எம்ஒய்டி88 என்ற புரதம் ஒட்டுகிறது. அதன்மேல் இன்னும் சில புரதங்கள் கூடி, கடைசியில் ஐகேகே என்ற நொதியைத் தட்டி எழுப்புகின்றன.

3. அதுவரை என்எஃப்-கப்பா பி என்ற புரதம் செல்லின் திரவப் பகுதியில் கட்டுண்டு கிடக்கிறது. அதைக் கட்டி வைத்திருப்பது ஐ-கப்பா பி. ஐகேகே இந்தக் காவலாளியின்மீது பாஸ்பேட் என்னும் முத்திரையைக் குத்துகிறது. முத்திரை விழுந்த காவலாளியை, பழைய புரதங்களை நொறுக்கும் செல்லின் சொந்த இயந்திரம் நொறுக்கிவிடுகிறது.

4. கட்டு அவிழ்ந்த என்எஃப்-கப்பா பி உட்கருவுக்குள் நுழைந்து நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகிறது. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 எல்லாம் அதில் அடக்கம்.

இதில் கவனிக்க வேண்டியது மூன்றாவது படி. புதிதாக எதையும் தயாரிக்காமல், தயாராக இருப்பதை அவிழ்த்துவிடுவதால்தான் அரை மணி நேரத்துக்குள் வேலை தொடங்கிவிடுகிறது. கிருமியோ கிடைத்த இடைவெளியில் பெருகக்கூடியது. அதற்கு எதிராக நிதானமாக ஏற்பாடு செய்துகொண்டிருக்க முடியாது.

என்எஃப்-கப்பா பி-ஐ 1986-இல் கண்டுபிடித்தவர்கள் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும். வாசலில் நிற்கும் ஏற்பியைப் பிடிக்க இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1996-இல் ஜூல் ஹாஃப்மன் குழு, டோல் என்ற மரபணு கெட்டுப்போன பழ ஈக்கள் பூஞ்சை தாக்கிச் சாவதைக் காட்டியது. 1998-இல் ப்ரூஸ் பாய்ட்லர் குழு, எண்டோடாக்சினை ஊசியாகப் போட்டாலும் அசையாத ஓர் எலி வகையில் டிஎல்ஆர்4 பழுதாகியிருப்பதைக் கண்டது. இருவருக்கும் 2011-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்த எலியின் கதையை நான் முக்கியமாக நினைக்கிறேன். அதற்கு எண்டோடாக்சினால் அழற்சியே வராது. விளம்பரக்காரர்கள் கணக்குப்படி அது கொடுத்து வைத்த எலி. ஆனால் சால்மோனெல்லா போன்ற உயிருள்ள கிருமி கொஞ்சம் உள்ளே போனால், மற்ற எலிகள் சமாளிக்கும் அளவிலேயே இது செத்துவிடும்.

அணைக்கும் ஏற்பாடு

என்எஃப்-கப்பா பி உட்கருவுக்குள் போனதும் இயக்கும் முதல் மரபணுக்களில் ஒன்று, அதைக் கட்டி வைத்திருந்த ஐ-கப்பா பி-யின் மரபணுவேதான். புதிதாகப் பிறந்த காவலாளி உட்கருவுக்குள் வந்து என்எஃப்-கப்பா பி-ஐப் பிடித்து மறுபடி வெளியே இழுத்துப் போகிறது. தூண்டுதல் இன்னும் மிச்சம் இருந்தால் கட்டு மறுபடி அவிழும். செல்லை ஒளிரவைத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், என்எஃப்-கப்பா பி சுமார் 100 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் செல், 'இன்னும் எதிரி இருக்கிறானா' என்று மறுபடி கேட்டுக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இது போதாதென்று ஏ20 என்ற புரதமும் அதே உத்தரவில் உருவாகிறது. அது பாதையின் முன்பகுதியிலேயே கூடிய புரதங்களைக் கலைத்துவிடும். பிறவியிலேயே ஏ20-இன் ஒரு பிரதி கெட்டுப்போனவர்களுக்குச் சின்ன வயதிலேயே வாய்ப்புண்ணும் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் திரும்பத் திரும்ப வரும். காரணம் கிருமி அல்ல, அணைக்கும் கை குறைந்துபோனதுதான்.

தூண்டுவதும் அணைப்பதும் ஒரே பாதையில் பின்னிக் கிடப்பதால் மருந்து செய்பவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். பி38 என்று ஒரு நொதி உண்டு. டிஎன்எஃப் தயாரிப்பதற்கான எம்ஆர்என்ஏ (மரபணுவிலிருந்து எடுக்கும் செய்முறை நகல்) சீக்கிரம் அழியாமல் அது பார்த்துக்கொள்கிறது. அதை அடைத்தால் மூட்டுகள் வீங்கி முடங்கும் முடக்குவாதம் தீரும் என்று பல கம்பெனிகள் மாத்திரை செய்து பார்த்தன. முதல் சில வாரம் சிஆர்பி இறங்கியது. அப்புறம் மாத்திரை சாப்பிடும்போதே பழையபடி ஏறிவிட்டது. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 போன்ற சில பிரேக்குகளும் பி38 வழியாகத்தான் வருகின்றன. ஆக்ஸிலரேட்டரை அறுக்கப் போய் பிரேக் வயரையும் சேர்த்து அறுத்த கதை.

திங்கட்கிழமை நெஞ்சு இறுக்கம்

இப்போது மில்லுக்குத் திரும்பலாம். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் அது இருந்தது. அதன் தொடக்க அடையாளம் விநோதமானது: வார லீவு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாள்தான் நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். அடுத்தடுத்த நாட்களில், அதே தூசியில் நின்றாலும், குறைந்துவிடும். நோயைத் தரம் பிரிக்கும் முறையே இதை வைத்துத்தான்: முதல் நாள் எப்போதாவது இறுகினால் அரைத் தரம், வாராவாரம் இறுகினால் ஒன்று, மற்ற நாட்களுக்கும் பரவினால் இரண்டு, நுரையீரலின் திறன் நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மூன்று.

1987-இல் வெளியான ஓர் ஆய்வில் தன்னார்வலர்களைக் கார்டிங் தூசியில் உட்காரவைத்து, மூச்சின் அளவு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தார்கள். குறைவு தூசியின் எடையோடு பொருந்தவில்லை. அதிலிருந்த எண்டோடாக்சினின் அளவோடு பொருந்தியது.

சரி, செவ்வாய்க்கிழமை ஏன் குறைகிறது? எண்டோடாக்சினைத் திரும்பத் திரும்பப் பார்த்த மேக்ரோபேஜ் மரத்துப்போகிறது. இரண்டாவது முறை அதே அளவு கொடுத்தாலும் டிஎன்எஃப் கொஞ்சம்தான் சுரக்கும். 1940-களிலேயே பால் பீசன், முயல்களுக்குத் தினமும் இதை ஊசி போட்டால் காய்ச்சல் நாளுக்கு நாள் குறைவதைக் காட்டியிருந்தார். காரணம் பிற்பாடு தெரிந்தது. பாதையின் நடுவில் தடுப்புப் புரதங்கள் சேர்கின்றன. டிஎன்எஃப் போன்ற மரபணுக்கள் இருக்கும் டிஎன்ஏ சுருட்டி மூடப்படுகிறது. கிருமியைக் கொல்லும் பொருட்களின் மரபணுக்கள் மட்டும் திறந்தே இருக்கின்றன. செல் எதை அடக்குவது, எதை விடுவது என்று பொறுக்கி எடுக்கிறது.

இரண்டு நாள் தூசி இல்லாமல் இருந்தால் இந்த மரப்பு கலைகிறது. திங்கட்கிழமை தூசி புதிதாக வந்ததுபோல் பாதை முழு வேகத்தில் திறக்கிறது. தூசியில் வேறு பொருட்களும் இருப்பதால் மொத்த நோயையும் இந்த ஒன்றின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்தத் திங்கட்கிழமைக் குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது.

இதனால் வரும் ஆபத்து ஒன்று உண்டு. புதன்கிழமை மூச்சு இலகுவாகிவிட்டது என்றால் உடம்பு பழகிவிட்டது என்று தொழிலாளியும் சூப்பர்வைசரும் நினைத்துக்கொள்வார்கள். வாராவாரம் திறந்து மூடி, திறந்து மூடி, மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்து நிரந்தரமாகக் குறுகும் வரை இது தொடரும். புகை பிடிப்பவருக்கு இன்னும் சீக்கிரம். கார்டிங்கில் தூசி உறிஞ்சும் குழாய் வேலை செய்கிறதா என்பதற்கு அடுத்தபடி, வார லீவு முடிந்த முதல் நாளில் ஷிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் டெஸ்ட்தான் நோயை முளையிலேயே காட்டும்.

சிஆர்பி சொல்வது என்ன

மேக்ரோபேஜ் விடும் இன்டர்லூக்கின்-6 ரத்தத்தில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஜேஏகே–ஸ்டேட் என்ற வேறொரு பாதை வழியாக உத்தரவு உட்கருவை அடைந்து, கல்லீரல் சிஆர்பி-ஐத் தயாரிக்கிறது. ஆகவே சிஆர்பி மூன்றாம் கைத் தகவல். எங்கோ பாதை திறந்திருக்கிறது என்று சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லாது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது இருப்பது பாதியாகக் குறையும் நேரம், சுமார் 19 மணி. எனவே இன்று பார்க்கும் எண்ணில் நேற்றைய கதையும் கலந்திருக்கும். பல் ஈறு வீங்கியிருந்தாலும் கூடும், நிமோனியாவிலும் கூடும்.

மஞ்சள்: எவ்வளவு போய்ச் சேருகிறது?

ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நிறத்துக்குக் காரணமான குர்குமின், என்எஃப்-கப்பா பி பாதையை அடைக்கிறது என்று ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் 1995-இல் காட்டினார்கள். கேப்சூல் டப்பாவில் 'அழற்சி எதிர்ப்பு' என்று அச்சடிக்க ஆதாரம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அது பொய் அல்ல. கேள்வி அளவில் இருக்கிறது.

ஒரு ஸ்பூன் மஞ்சள் தூள் 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். குர்குமின் அதில் 3 சதவீதம் என்றால் 90 மில்லிகிராம். ஆய்வகத் தட்டில் ஊற்றியது பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) அளவு. மனிதர்களுக்குத் தினம் 8 கிராம் குர்குமின், அதாவது நம் ஸ்பூனைப்போல் தொண்ணூறு மடங்கு கொடுத்துப் பார்த்த ஒரு பரிசோதனையிலேயே ரத்தத்தின் சராசரி அளவு 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. குடல் அதை உறிஞ்சுவது குறைவு. உறிஞ்சியதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது.

மிளகு சேர்த்தால் 20 மடங்கு கூடும் என்பார்கள். அதுவும் 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வு. 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஆனால் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருந்ததன் 20 மடங்கு அது. மிளகு இதைச் செய்வது கல்லீரலின் சுத்திகரிப்பை மட்டுப்படுத்தித்தான், ஆகவே வேறு மருந்துகளின் அளவும் ரத்தத்தில் கூடலாம். செறிவூட்டிய குர்குமின்–பைப்பரின் கேப்சூல் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் வீங்கிய நிகழ்வுகள் அமெரிக்காவில் பதிவாகியுள்ளன.

மூட்டுத் தேய்மான வலியில் குர்குமின் கொஞ்சம் ஆறுதல் தருவதாகச் சிறிய பரிசோதனைகள் சொல்கின்றன. அந்த அளவில் அதை மதிக்கலாம். ரசத்திலும் பாலிலும் போடும் மஞ்சளை நிறுத்த ஒரு காரணமும் இல்லை. அதை வைத்து முடக்குவாத மாத்திரையை நிறுத்துவதுதான் வினை.

இரண்டு சாவிப் பூட்டும் கண்வலிக்கிழங்கும்

ராத்திரி இரண்டு மணிக்குக் கால் பெருவிரல் மூட்டு தீப்பிடித்ததுபோல் எரிந்து, போர்வை பட்டாலே அலறுகிற வலிக்கு கௌட் என்று பெயர். யூரிக் அமிலம் ஊசிப் படிகமாக மூட்டில் படிவதால் வருவது. கிருமியே இல்லாமல் இது எப்படி இத்தனை அழற்சி உண்டாக்குகிறது?

இன்டர்லூக்கின்-1 என்ற சைட்டோகைன் அபாயமானது என்பதால் செல் அதை இரண்டு சாவி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறது. முதல் சாவி என்எஃப்-கப்பா பி. அது இன்டர்லூக்கினை வெட்டப்படாத முன்வடிவமாகத் தயாரிக்கிறது. அந்த வடிவில் அது செயலற்றது. இரண்டாவது சாவி செல்லுக்குள்ளேயே நடக்கும் சேதம். மேக்ரோபேஜ் படிகத்தை விழுங்குகிறது, செரிக்க முடியாமல் உள்ளறை கிழிகிறது. உடனே என்எல்ஆர்பி3 என்ற புரதம் கூட்டாளிகளோடு சக்கரம்போல் ஒன்றுகூடுகிறது. இந்தக் கூட்டமைப்புக்கு 2002-இல் வைத்த பெயர் இன்ஃப்ளமசோம். அது காஸ்பேஸ்-1 என்ற கத்தரியை இயக்கி முன்வடிவத்தை வெட்டுகிறது. செல்லின் உறையில் துளை விழுந்து இன்டர்லூக்கின்-1 வெளியே பாய்கிறது. யூரிக் அமிலப் படிகம் இதைச் செய்கிறது என்பது 2006-இல் தெரிந்தது. கல் குவாரி, கிரஷர் தூசியில் உள்ள சிலிக்காவும் நுரையீரலில் இதே பூட்டைத் திறக்கிறது என்பது 2008-இல் தெரிந்தது. யூரிக் அமிலம் கரையும். சிலிக்கா கரையாது என்பதால் அங்கே அணைக்க ஆளே இல்லை.

கௌட்டுக்குப் பழைய மருந்து கோல்சிசின். அது கிடைக்கும் செடிகளில் ஒன்று செங்காந்தள், நம் மாநில மலர், கொங்குப் பேச்சில் கண்வலிக்கிழங்கு. மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரத்தில் ஆடியில் நட்டு, கம்பிப் பந்தலில் ஏற்றி, காலையில் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தடவி, காய் முற்றியதும் விதை எடுக்கிறார்கள். பெயரில் கிழங்கு இருந்தாலும் காசு விதையில்தான்.

செல்லுக்குள் பொருட்களை இழுத்துப் போகும் நுண்குழாய்த் தண்டவாளம் உண்டு. கோல்சிசின் அது நீளாமல் தடுக்கிறது. அதனால் நியூட்ரோபில் மூட்டுக்குள் நகர்ந்து வர முடியாது. இன்ஃப்ளமசோம் ஒன்றுகூடவும் சிரமப்படும். ரத்தக்குழாய் அடைப்பில் கொழுப்புப் படிகமும் இதே பூட்டைத் திறப்பதால் இதய நோய்க்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் 5,522 இதய நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையில் தினம் 0.5 மில்லிகிராம், மாரடைப்பு உள்ளிட்ட நிகழ்வுகளை 31 சதவீதம் குறைத்தது. 2023-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதியும் கிடைத்தது. 2024-இல் மாரடைப்பு வந்த உடனே சுமார் 7,000 பேருக்குக் கொடுத்த இன்னொரு பெரிய பரிசோதனையிலோ பலன் தெரியவில்லை. யாருக்கு, எப்போது என்ற கேள்வி இன்னும் திறந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் காட்டுக்குப் போய்க் கிழங்கைத் தோண்ட வேண்டாம். எல்லா செல்களுக்கும் அந்தத் தண்டவாளம் தேவை. அளவு மிஞ்சினால் முதலில் வாந்தி, பேதி; பிறகு எலும்பு மஜ்ஜை நின்று, உறுப்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து உயிர் போகும். கிழங்கைத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. மாத்திரையாகச் சாப்பிடுபவரும் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலோ கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் எடுத்தாலோ டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

பாதையை அடைத்தால் வரும் விலை

டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் என்எஃப்-கப்பா பி-ஐ உட்கருவுக்குள்ளேயே மடக்குகின்றன. அதோடு பிரேக் புரதங்களின் மரபணுக்களையும் இயக்குகின்றன. 2020-இல் பிரிட்டனில் நடந்த கொரோனா பரிசோதனையில் இது வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே இல்லை. முதல் வாரத்தில் உடம்புக்கு அந்த அழற்சி வேண்டும். கிருமி அடங்கிய பிறகும் அது அணையாதபோதுதான் மருந்துக்கு வேலை. 2021-இல் லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு விழுங்கியவர்களும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் கருப்புப் பூஞ்சைக்கு இலக்கானது நினைவிருக்கும்.

முடக்குவாதத்துக்குப் போடும் டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள் இன்னும் குறிவைத்தவை. ஒரே ஒரு சைட்டோகைனை மட்டும் பிடித்துவிடும்; கை விரலை மடக்க முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். ஆனால் நம்மில் பலருடைய நுரையீரலில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் வேலி கட்டி நிற்கின்றன. அந்த வேலி பிரியாமல் இருப்பது டிஎன்எஃப்-ஆல்தான். ஊசி போட்ட சில மாதங்களில் பழைய டிபி விழித்தெழுவதை 2001-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மூட்டு வலிக்குப் போனவரிடம் அந்த ஊசிக்கு முன்னால் நெஞ்சு எக்ஸ்ரேயும் டிபி டெஸ்ட்டும் எடுத்துவரச் சொல்வது அதனால்தான்.